நின்றீர்களா, நிறுத்தினார்களா?

எங்கள் தொழில் துணி தோய்ப்பது. வீட்டுத் துணி அல்ல. கல்யாண மண்டபங்களின் கதிரை உறைகள், மேசை விரிப்புகள், மணவறைக்குப் பின்னால் தொங்கும் திரைகள். வெள்ளிக்கிழமை மடிப்புக் குலையாமல் வான் வண்டியில் ஏறிப் போகும் துணிகள் திங்கட்கிழமை காலை சாம்பாரும் குங்குமமும் ஐஸ்கிரீமும் அப்பியபடி மூட்டை மூட்டையாகத் திரும்பி வரும். அவற்றைப் பிரித்து, கறை எடுத்து, தோய்த்து, பெரிய உருளை இயந்திரத்தில் அயர்ன் பண்ணிக் கட்டி வைப்பதற்குள் அடுத்த வெள்ளி வந்துவிடும். லண்டனில், ஹரோவில் நாங்கள் இருக்கும் வீதியிலிருந்து சற்றுத் தள்ளி, கார் திருத்தும் இடங்களுக்கு நடுவில் ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்து நானும் கணவரும் இதைத் தொடங்கினோம். அவர் வான் ஓடுவார். உள்ளே நடப்பதெல்லாம் என் பொறுப்பு.

எங்களிடம் முதன்முதலாக வேலைக்கு வந்தவரை நான் அக்கா என்றே கூப்பிட்டேன். உறவு எதுவும் இல்லை. பிள்ளைகளைச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் விட்டுவிட்டு வெளியே குளிரில் நின்று கதைக்கும் தாய்மாரில் ஒருவர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். அவருடைய கணவர் பஸ் ஓட்டுநர். நான் தொழில் தொடங்கப் போவதாகச் சொன்னபோது மற்றவர்கள் எல்லாம் எச்சரிக்கை சொன்னார்கள். அக்கா மட்டும், "உனக்கு ஆள் வேணுமெண்டால் நான் வாறன்" என்றார். வந்தார். அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் கூடிக் கூடிப் பதினொரு பேரானார்கள். அவர்கள் எல்லோருக்கும் வேலை பழக்கியது அக்காதான். மஞ்சள் கறை வெயிலில்தான் போகும், அது கிடைக்காத இந்த ஊரில் என்ன செய்வது என்பதை ஒவ்வொருவருக்கும் அவர் விளங்கப்படுத்துவதை நான் மேசையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

சம்பளத் துண்டு விஷயத்தில் மட்டும் அவர்தான் என்னிடம் கேள்வி கேட்பார். ஆரம்ப நாட்களில் ஒருமுறை தன்னுடைய துண்டைக் கொண்டுவந்து, நேஷனல் இன்சூரன்ஸ் என்று போட்டிருந்த இடத்தில் விரலை வைத்து, இது எங்கே போகிறது என்று கேட்டார். அவருடைய சம்பளத்தில் பிடிப்பது அது என்றேன். அதற்குக் கீழே இன்னொரு தொகை இருந்தது. அது அவரிடம் பிடித்ததல்ல. அவரை வேலைக்கு வைத்திருப்பதற்காக, அவருடைய சம்பளத்துக்கு மேலதிகமாக நாங்கள் கட்டுவது.

"அப்ப எனக்காக நீயும் கட்டுறாய்," என்றார்.

"ஓம் அக்கா."

"அது எனக்கெண்டு எங்கயாவது சேருதோ?"

எனக்கு அப்போது சரியாகத் தெரியாது. கணக்காளரிடம் கேட்டு வந்து சொன்னேன். உங்கள் பெயர் போட்ட பெட்டி ஒன்றும் இல்லை, எல்லாம் ஒரே பொதுப் பானைக்குள் போகிறது, இன்றைக்கு ஓய்வூதியம் வாங்குபவர்களுக்கும் வேலை இழந்தவர்களுக்கும் அதிலிருந்துதான் கொடுக்கிறார்கள், உங்கள் பெயரில் இருப்பது நீங்கள் கட்டினீர்கள் என்ற பதிவு மட்டும்தான் என்று. அக்கா சிரித்துவிட்டு, சீட்டுக் கட்டுவதைவிட மோசமாக இருக்கிறதே என்றார். அதற்குப் பிறகு பல வருடங்கள் அந்தப் பேச்சு எங்களுக்குள் வரவில்லை.

வந்தது அந்த ஏப்ரலில்.

அதற்கு முன்பே தொழில் ஆட்டம் கண்டிருந்தது. எங்கள் வேலையில் பாதியைத் தந்துகொண்டிருந்த மண்டபக்காரர் பழைய கதிரைகளை எல்லாம் தூக்கிவிட்டு, மூங்கில் போலக் கணுக்கணுவாக இருக்கும் தங்க நிறக் கதிரைகளை வாங்கிப் போட்டார். அவற்றுக்கு உறை தேவையில்லை. பார்க்கப் போனபோது எனக்கே அவை அழகாகத்தான் இருந்தன. மற்ற மண்டபங்களும் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் போகும் என்று எனக்கும் கணவருக்கும் தெரிந்தது.

அப்படி இருக்கும்போதுதான் சட்டப்படி கொடுக்கவேண்டிய ஆகக் குறைந்த சம்பளம் கூடியது. கூடவே முதலாளிமார் கட்டும் நேஷனல் இன்சூரன்ஸும் கூடியது. வீதம் ஏறியது மட்டுமல்ல, எந்தச் சம்பளத்திலிருந்து கட்டத் தொடங்கவேண்டும் என்ற கோட்டையும் கீழே இறக்கிவிட்டார்கள். எங்களைப் போன்ற இடங்களில், குறைந்த சம்பளத்தில் பல பேர் வேலை செய்யும் இடங்களில், அந்த இரண்டாவதுதான் அதிகம் இடித்தது.

எங்கள் கணக்காளர் தமிழ்நாட்டுக்காரர். இங்கே வருவதற்கு முன் அமெரிக்காவில் சில வருடங்கள் இதே வேலை பார்த்தவர். அவருடைய அலுவலகத்துக்குக் கணவரும் நானும் சேர்ந்தே போனோம். அவர் திரையை எங்கள் பக்கம் திருப்பி வைத்து நிதானமாக விளக்கினார். சின்னத் தொழில்களுக்கு இந்தக் கட்டணத்தில் ஒரு தள்ளுபடி உண்டு, அதையும் இந்த முறை கூட்டித்தான் இருக்கிறார்கள், நாலைந்து பேருடன் நடத்தினால் நீங்கள் கட்டவேண்டியது அநேகமாக ஒன்றும் இருக்காது என்றார்.

"நீங்க சின்னதாவும் இல்ல, பெரிசாவும் இல்ல மேடம். அதுதான் பிரச்சினை."

ஆட்களைக் குறைத்தால் இந்தக் கட்டணமும் குறையுமா என்று கணவர் கேட்டார். குறையும் என்றார் அவர். பிறகு, நாங்கள் கேட்காமலே, அமெரிக்காவில் அப்படி இல்லை என்று சொன்னார். அங்கே வேலையின்மைக் காப்புறுதி என்று முதலாளி தனியாக ஒரு வரி கட்டவேண்டும். வேலையை விட்டு அனுப்பியவர்கள் உதவித் தொகை வாங்கத் தொடங்கினால், அந்த முதலாளியின் வரி வீதமே அடுத்த வருடங்களில் ஏறிவிடும். நிறையப் பேரை அனுப்பும் முதலாளி நிறையக் கட்டுவார். யாரையும் அனுப்பாதவருக்குக் குறைவாக வரும்.

"இங்க அந்த மாதிரி இல்ல. நீங்க ஒருத்தர அனுப்பினாலும் பத்துப் பேர அனுப்பினாலும் ரேட்டு ஒண்ணுதான். ஆள் போனா, அந்த ஆளுக்குக் கட்டுறது நிக்கும். அவ்வளவுதான்."

அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார். கணவருக்கும் அது ஆறுதலாகவே இருந்திருக்கும். எனக்கு அப்படி இருக்கவில்லை. ஒரு மனிதரை வேலையால் நிறுத்துவதற்கு எங்கேயாவது ஒரு விலை இருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அந்தத் திரையில் அது ஆதாயமாக அல்லவா தெரிகிறது. வெளியே வந்து காரில் ஏறியதும் கணவரிடம் அதைச் சொன்னேன். விலை இல்லாமலா, ஆள்குறைப்புப் பணத்தை யார் கொடுப்பது, நாங்கள்தானே என்றார் அவர். அதுவும் உண்மைதான். இரண்டு வருடம் வேலை செய்தவர்களுக்கு, வேலை செய்த காலத்துக்கும் வயதுக்கும் ஏற்ப, முதலாளிதான் கொடுக்கவேண்டும்.

மூன்று பேர் போகவேண்டும் என்று முடிவானது. ஒரு புதன்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இயந்திரங்களை நிறுத்திவிட்டு எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். யார் யார் என்று இன்னும் தீர்மானிக்கவில்லை, ஒவ்வொருவருடனும் தனியாகப் பேசுவோம், விரும்பி விலக யாராவது இருந்தால் சொல்லலாம் என்றேன். உருளை இயந்திரம் ஓடாத அந்த இடம் எனக்குப் பழக்கமில்லாத இடம்போல இருந்தது. கடைசியாக வேலைக்கு வந்திருந்த ஒரு பெண், கைக்குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வருபவள், சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு அழுதாள். கடைசியாக வந்தவள் என்பதால் முதலில் போவது தானே என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அக்கா எழுந்து போய் அவளுக்குப் பக்கத்தில் இருந்தார்.

அடுத்த நாள் காலை எல்லோருக்கும் முன்னதாக அக்கா வந்தார். கோட்டைக் கழற்றவில்லை.

"நான் வேலையால நிக்கிறன் தங்கச்சி," என்றார். "அந்தப் பிள்ளையை விட்டுடு. நான் எழுதித் தாறன், நானாத்தான் நிக்கிறன் எண்டு. உனக்கு ஒரு கரைச்சலும் வராது."

நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் அவர் மனம் மாறிவிடுமோ என்று பயந்தேனா, கேட்கத் தேவையில்லாத அளவுக்கு அவரைத் தெரிந்திருந்ததா என்று இப்போதும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பின்னேரம் வாங்கோ, பேசுவோம் என்று மட்டும் சொன்னேன். அவர் கோட்டைக் கொழுவிவிட்டு வழக்கம்போலத் துணி பிரிக்கப் போனார்.

கணவரிடம் சொன்னபோது அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் குறை சொல்லமாட்டேன். அத்தனை வருடம் வேலை செய்த அக்காவுக்குக் கொடுக்கவேண்டிய ஆள்குறைப்புப் பணம் மற்ற இருவருக்கும் சேர்த்துக் கொடுப்பதைவிட அதிகம். அவராகவே விலகினால் அது ஒன்றும் கொடுக்கத் தேவையில்லை.

"இஞ்ச பாரும்," என்றார் அவர். "அவதானே தானா நிக்கிறன் எண்டு சொல்லுறா. நாங்கள் ஏன் இதுக்குள்ள தலையைப் போடவேணும்?"

அவர் கெட்ட மனிதர் அல்ல. அந்த மாதம் கொட்டகை வாடகைக்குத் தன் தம்பியிடம் கடன் கேட்டிருந்தார். எனக்கு அது பிறகுதான் தெரியும்.

நான் கணக்காளருக்குப் போன் எடுத்தேன். அவர், சம்பளக் கணக்கில் பார்த்தால் உங்களுக்கு அது லாபம்தான், ஆனால் அந்த அம்மாவுக்கு அடுத்து என்ன ஆகும் என்று யாராவது சொன்னார்களா என்று கேட்டார். தொழில் சட்ட ஆலோசனை சொல்லும் இலவசத் தொலைபேசி ஒன்றைப் பற்றிச் சொன்னார். அதில் அரை மணித்தியாலம் பாட்டுக் கேட்டுக்கொண்டு காத்திருந்தபின் ஒரு பெண் பொறுமையாக விளக்கினாள். தானாக வேலையை விட்டவர், வேலையில்லாதவர்களுக்கான அரசாங்க அலுவலகமான ஜொப் சென்டரில் போய் உதவித் தொகை கேட்டால், ஏன் விட்டீர்கள் என்று கேட்பார்கள். தக்க காரணம் இல்லை என்று அவர்கள் நினைத்தால் மாதக்கணக்கில் பணத்தை நிறுத்தி வைக்கலாம். ஆள்குறைப்பு என்றால் அந்தப் பிரச்சினை இல்லை. ஆள்குறைப்புக்குத் தானே முன்வந்தவராக இருந்தாலும் இல்லை. ஆனால் வேலையை முடித்தது முதலாளி என்று இருக்கவேண்டும்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அக்கா தானாக நிற்கக்கூடாது. நான்தான் அவரை நிறுத்தவேண்டும்.

பின்னேரம் அதைச் சொன்னபோது அக்கா சம்மதிக்கவில்லை. அவருக்கு அது பிடிக்கவில்லை என்பதுகூடச் சரியான வார்த்தை அல்ல. என்னுடைய வாயிலிருந்து அது வந்ததையே அவரால் தாங்க முடியவில்லை. மற்றவர்கள் வீட்டுக்குப் புறப்பட்டு அந்தப் பக்கம் வரத் தொடங்கியதால் பேச்சை விட்டுவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை நான் அவருடைய வீட்டுக்குப் போனேன். அவருடைய கணவர் ஷிப்டில் இருந்தார். பிள்ளைகள் இருவரும் படித்து முடித்து வேறு ஊர்களில் வேலை. அக்கா தேத்தண்ணி வைத்தார். அதை என் முன்னால் வைத்துவிட்டு இருக்காமல் நின்றார்.

நான் விஷயத்தைத் திரும்பவும் சொன்னேன். நீங்கள் விலகினால் எங்களுக்கு மிச்சம், உங்களுக்கு நட்டம். நான் நிறுத்தினால் உங்களுக்குச் சேரவேண்டியது சேரும், அதற்குப் பிறகு வேலை தேடும் காலத்தில் உதவித் தொகையும் கிடைக்கும் என்று.

"பெனிபிட் எடுக்கிறதோ?" என்றார். "இந்த நாட்டுக்கு வந்த நாள் தொடக்கம் நான் ஆரிட்டையும் கை நீட்டேல்லை. இனி இந்த வயசில போய் வரிசையில நிக்கச் சொல்லுறியோ?"

"அது பிச்சை இல்லை அக்கா. நீங்கள் கட்டின காசு. நீங்களும் மாதாமாதம் கட்டினீங்கள், உங்களுக்காக நானும் கட்டினன். வேலை போனால் எடுக்கிறதுக்கெண்டுதான் அது."

அந்த உதவித் தொகை கட்டியவர்களுக்கு மட்டும் உரியது, கணவருடைய சம்பளத்தைப் பார்க்கமாட்டார்கள், வீட்டில் என்ன சேமிப்பு இருக்கிறது என்று கேட்கமாட்டார்கள், ஆறு மாதம் வரை தருவார்கள் என்றெல்லாம் சொன்னேன். மற்றப் பெனிபிட்டுக்கு விண்ணப்பித்தால் கணவருடைய சம்பளத்தைக் காட்டி இல்லை என்றுவிடுவார்கள், இதை விட்டால் உங்களுக்கு வேறொன்றும் இல்லை என்றேன். நான் இன்னும் என்னவெல்லாமோ பேசினேன். கணக்காளரைப் போலவே பேசினேன் என்று நினைக்கிறேன்.

அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கதிரையை இழுத்து எனக்கு எதிரில் இருந்தார்.

"காசை விடு. நான் கேக்கிறதைச் சொல்லு. நானா நிண்டால், நான் ஒரு நல்ல காரியம் செய்துபோட்டு நிண்டன் எண்டு இருக்கும். நீ நிப்பாட்டினால் என்ன இருக்கும்? இத்தனை வருசம் உழைச்சும் என்னை வேண்டாமெண்டு அனுப்பினவை எண்டு இருக்கும். அதைத்தானே கடிதத்தில எழுதப்போறாய்?"

ஆள்குறைப்பு என்பது உங்களைப் பற்றியது அல்ல, வேலை குறைந்ததைப் பற்றியது என்றேன். அவர் தலையை ஆட்டினார், சம்மதித்து அல்ல. தேத்தண்ணி ஆறிவிட்டது. நான் எழும்பும்போது அவர் கேட்டார்:

"இவருக்கு நீ என்ன சொன்னனி? உன்ர மனுசனுக்கு. என்னை நிப்பாட்டினால் அவர்தானே காசு கட்டவேணும்."

இன்னும் சொல்லவில்லை என்றேன்.

அன்று பின்னேரமே சொன்னேன். நாங்கள் அப்படிச் சண்டை பிடித்து நெடுங்காலம். இரக்கம் பார்த்துத் தொழிலை மூடினால் மிச்ச எட்டுப் பேருக்கும் நீ என்ன பதில் சொல்வாய் என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழையில்லை. அக்கா எழுதித் தரும் கடிதத்தை வாங்கிக்கொண்டு நான் எப்படி அந்தக் கொட்டகைக்குள் இருப்பேன் என்று நான் கேட்டேன். கடைசியில் அக்காவுக்குக் கொடுக்கவேண்டிய பணத்துக்காக அவர் வானை விற்றார். பெரிய வானை விற்றுவிட்டுப் பழைய சிறிய வான் ஒன்றை வாங்கினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒருமுறை போகவேண்டிய இடத்துக்கு இரண்டு முறை ஓடினார். அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அக்கா எப்படிச் சம்மதித்தார் என்பது எனக்குத் தெரியாது. அவருடைய கணவர் பேசியிருக்கலாம். அடுத்த கிழமை வந்து, "சரி, நீ சொன்ன மாதிரிச் செய்" என்றார். விரும்பி முன்வந்தவர் என்பதையும், வேலை குறைந்ததால் நாங்கள் அவருடைய வேலையை முடிக்கிறோம் என்பதையும் எழுதி, அவரிடம் கொடுத்தேன். அவர் வாசிக்கவில்லை. மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். வேலை முடிவதற்கு முன் சட்டப்படி கொடுக்கும் அறிவித்தல் காலம் முழுவதும் வேலைக்கு வந்தார். கடைசி நாளில் கைக்குழந்தைக்காரிக்கு உருளை இயந்திரத்தின் சூட்டை எப்படிப் பார்ப்பது என்று காட்டிக்கொண்டு நின்றார். நாங்கள் கேக் வாங்கி வைத்திருந்தோம். எல்லோரும் சாப்பிட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து என்னிடம் போன் வந்தது. ஜொப் சென்டரில் நேர்முகம் இருக்கிறது, கணவருக்கு லீவு கிடைக்கவில்லை, பிள்ளைகளுக்குச் சொல்ல விருப்பமில்லை, ஆங்கிலத்தில் அவர்கள் வேகமாகக் கதைத்தால் தனக்கு விளங்காது, வர ஏலுமா என்று கேட்டார். நான் ஓம் என்றேன். போனை வைத்த பிறகுதான் நான் அங்கே யாராகப் போகிறேன் என்ற யோசனை வந்தது.

அந்த இடம் நான் நினைத்ததுபோல இருக்கவில்லை. வரிசை ஒன்றும் இல்லை. கம்பளம் விரித்த அகலமான மண்டபம், ஆங்காங்கே மேசைகள், வாசலில் காவலுக்கு நின்றவர் மரியாதையாக இடம் காட்டினார். அக்கா கல்யாண வீட்டுக்குப் போவதுபோல நல்ல சேலையும் கோட்டும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். எங்களைக் கூப்பிட்ட அதிகாரி இளம்பெண். தன் பெயரைச் சொல்லி, சிரித்து, அக்காவிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாள். நான் யார் என்று என்னிடம் கேட்டாள். மொழிபெயர்க்க வந்த சிநேகிதி என்றேன். அது பொய் இல்லை.

பெயர், விலாசம், எந்த மாதிரி வேலைகள் தெரியும், எந்த நேரங்களில் வரமுடியும் என்றெல்லாம் கேட்டாள். நான் தமிழில் சொல்ல, அக்கா தமிழில் பதில் சொல்ல, நான் ஆங்கிலத்தில் திருப்பிக் கொடுத்தேன். பிறகு அவள் திரையைப் பார்த்தபடி, கடைசி வேலை எப்படி முடிந்தது, நீங்களாக விட்டீர்களா, முதலாளி நிறுத்தினாரா என்று கேட்டாள்.

நான் அக்காவின் பக்கம் திரும்பினேன். கேள்வியை அவர் ஆங்கிலத்திலேயே விளங்கிக்கொண்டிருந்தார். ஆனாலும் நான் தமிழில் சொல்லும்வரை காத்திருந்தார்.

"நீங்களா நிண்டனீங்களோ, நிப்பாட்டினவையோ எண்டு கேக்கிறா," என்றேன்.

அக்கா அதிகாரியைப் பார்த்தார், என்னை அல்ல.

"நிப்பாட்டினவை," என்றார். "சொல்லுங்கோ."

என்னை அவர் அதற்கு முன் ஒருநாளும் அப்படிப் பன்மையில் அழைத்ததில்லை. நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: வேலை குறைந்ததால் முதலாளி நிறுத்தினார். அந்தப் பெண் தட்டச்சுச் செய்தாள். முதலாளியின் விவரம் வேண்டும், அவர்களிடமும் கேட்டு உறுதிப்படுத்தவேண்டி வரலாம் என்றாள். தொலைபேசி எண் இருக்கிறதா என்று கேட்டாள்.

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. மறைக்கவும் நான் விரும்பவில்லை. முதலாளி நான்தான் என்றேன்.

அவள் தட்டச்சுச் செய்வதை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அக்காவிடம் நேராகவே, மெல்ல, இவர் மொழிபெயர்ப்பது உங்களுக்குச் சம்மதமா, வேண்டுமானால் எங்கள் தொலைபேசி மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடலாம் என்று கேட்டாள். அது அவளுடைய கடமை. அக்கா, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "இட்ஸ் ஓகே. ஷீ இஸ் குட்" என்றார்.

அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. கட்டணப் பதிவுகள் சரியாக இருந்தன. அந்த விஷயத்தில் எங்கள் கணக்காளர் ஒரு மாதம்கூடத் தவறவிட்டதில்லை. பணம் வரும் என்று அந்தப் பெண் சொன்னாள். வேலை தேடுவதாக ஒவ்வொரு முறையும் வந்து காட்டவேண்டும் என்றும் சொன்னாள். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றோம். நான் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். அக்கா தன்னுடைய கணவரின் தடத்து பஸ் இப்போது வரும், அதிலேயே போய்விடுவேன் என்றார்.

"உங்களுக்கு வேலை கிடக்கும். நீங்கள் போங்கோ."

பஸ் வந்தது. ஓட்டியது அவருடைய கணவர் அல்ல.

அக்கா வேலை தேடி அலைந்த மாதங்களைப் பற்றி எனக்கு அவர் சொல்லவில்லை. அவருடைய கணவரை ஈஸ்ட் ஹாமில் ஒரு தமிழ்க் கடை வாசலில் கண்டபோது அவர்தான் சொன்னார். துப்புரவு வேலைக்கும் கடை வேலைக்கும் விண்ணப்பம் போடுகிறாளாம். கூப்பிடுகிறார்களாம். பிறகு ஒன்றும் வருவதில்லையாம். ஜொப் சென்டருக்குப் போகும் நாளுக்கு முதல் நாள் அவள் சாப்பிடுவதில்லை என்றார். அதைச் சொல்லும்போது அவரிடம் கோபம் இல்லை. பை நிறைய மரக்கறியுடன் நின்றார். நீங்கள் செய்தது சரி தங்கச்சி, அந்தக் காசு இல்லாவிட்டால் வீட்டுக் கடனுக்குத் திண்டாடியிருப்போம் என்றும் சொன்னார். நான் வாங்க வந்த சாமான் எதையும் வாங்காமல் ரெயில் ஏறினேன்.

இதற்கிடையில் கைக்குழந்தைக்காரி வேலையை விட்டுவிட்டாள். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சுப்பர் மார்க்கெட்டில் நல்ல நேரங்களில் வேலை கிடைத்ததாம். அவள் செய்ததில் என்ன பிழை? பிள்ளையைக் காப்பகத்திலிருந்து கூட்டிவர அவளுக்கு அது வசதி. கடைசி நாளில் எல்லோருக்கும் இனிப்புக் கொண்டுவந்தாள். அக்காவுக்கும் ஒரு பெட்டி தந்து, கொடுத்துவிடச் சொன்னாள். அதை நான் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. எந்த முகத்தோடு கொடுப்பது என்று தெரியாமல் வைத்திருந்து, பிறகு அது பழுதாகிவிட்டது.

கோடைக் காலக் கல்யாணங்கள் மும்முரமாக நடந்துகொண்டிருந்தன. கதிரை உறை குறைந்தாலும் மேசை விரிப்பு வந்துகொண்டிருந்தது. அவளுடைய இடத்துக்கு ஒரு ஆள் வேண்டும் என்று கணவரே சொன்னார். அக்காவைக் கேட்டுப் பார் என்று சொன்னதும் அவர்தான். நான் போன் எடுத்தேன். மணி அடித்துக்கொண்டிருந்தபோது நான் எழுந்து நின்றேன், ஏன் என்று தெரியவில்லை.

நான் சொன்னதை எல்லாம் அக்கா அமைதியாகக் கேட்டார். அந்தப் பெண் போனதைக் கேட்டுவிட்டு, நல்லது, பிள்ளைக்குக் கிட்ட வேலை என்றார். அவருடைய குரலில் கசப்பைத் தேடினேன். கிடைக்கவில்லை.

"யோசிச்சுச் சொல்லுறன்," என்றார். "நீங்கள் சுகமா இருக்கிறியளோ? அவர் சுகமோ?"

அவர் திருப்பிப் போன் எடுக்கவில்லை. நவம்பரில் ஒரு ஆரம்பப் பள்ளியின் சமையலறையில், மத்தியானச் சாப்பாடு பரிமாறும் வேலைக்கு அவர் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். குறைந்த நேரம்தான். உதவித் தொகை முடிவதற்குச் சில கிழமைகளுக்கு முன் அது கிடைத்திருக்கிறது. அதைக் கேட்டதும் நான் கொட்டகைக்குப் பின்னால் போய், தோய்க்காத மூட்டைகளுக்கு நடுவில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அந்த இடத்துக்கு நாங்கள் வேறு யாரையும் எடுக்கவில்லை. எடுத்தால் திரும்பவும் அந்தக் கட்டணம், திரும்பவும் ஒரு ஆள், திரும்பவும் ஒருநாள் அந்தப் பேச்சு. வியாழனும் வெள்ளியும் நானே உருளை இயந்திரத்தில் நிற்கிறேன். மாதக் கடைசியில் எல்லோருடைய சம்பளத்தையும் கணக்காளருக்கு அனுப்புகிறேன். அவர் எவ்வளவு கட்டவேண்டும் என்று அனுப்புவார், அதைக் கட்டுகிறேன். தங்கக் கதிரை போட்ட மண்டபக்காரர் போன கிழமை கூப்பிட்டு, இனி விரிப்புத் தேவைப்படாத கண்ணாடி மேசைகளைப் போடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். கணவர் வானுக்குள் இருந்தபடியே அந்த அழைப்பைக் கேட்டார். இன்னும் எங்களோடு சேர்த்து ஒன்பது பேர் இருக்கிறோம், பார்ப்போம் என்று சொல்லிவிட்டு வானை எடுத்துக்கொண்டு போனார்.